பதினேழாம் எண் பெஞ்ச் என் வீட்டுக்கு வந்த விதம்

என் பெயர், தகப்பனார் பெயர், முகவரி மூன்றும் முதல் தாளில் தனியாக எழுதிக்கொள்ளப்பட்டன. வயது முப்பத்தொன்று. நகராட்சியின் பூங்காப் பிரிவில் ஆறு வருடமாக உதவி மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். அம்மாவுடன் குடியிருக்கிறேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் விவரம் எதற்கு என்று தலைமைக் காவலர் கேட்டார். பெஞ்சை மேலே ஏற்றிய விதம் பற்றிக் கேட்பீர்கள், அப்போது தேவைப்படும் என்றேன்.

இன்று காலை பத்தரை மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்தேன். யாரும் கூட்டி வரவில்லை. யாரும் மிரட்டவில்லை. நான் சொல்லச் சொல்லத் தலைமைக் காவலர் எழுதிக்கொள்கிறார்.

பூங்காவில் இருந்த பதினேழாம் எண் பெஞ்ச் திருட்டுப் போய்விட்டது என்று எங்கள் பிரிவு அதிகாரி இந்த நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். திருட்டுப் போகவில்லை. நான்தான் எடுத்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் வாரண்டி பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். "பெஞ்சுக்கு வாரண்டியா?" என்றார் தலைமைக் காவலர். ஆமாம், பத்து வருடம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வரிசையாகச் சொல்லும்படி சொன்னார்.

இரண்டரை வருடத்துக்கு முன் பூங்காக் குளத்தைச் சுற்றிய நடைபாதையில் போடுவதற்காக இருபத்து நான்கு பெஞ்சுகள் வந்தன. வார்ப்பிரும்புக் கால்கள், உட்கார ஐந்து பலகைகள், சாய மூன்று பலகைகள். பலகை மரம் இல்லை. மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கி அச்சில் வார்த்தது, சாம்பல் நிறம். விற்க வந்தவர் ஒரு துண்டுப் பலகையை வாளித் தண்ணீரில் போட்டுக் காட்டி, "இதுக்குப் பெயிண்ட் வேண்டாம், பாலிஷ் வேண்டாம், போட்டுட்டு மறந்துடலாம்" என்றார். நாங்கள் மறக்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று.

பெஞ்சுகளோடு ஓர் உத்தரவாதப் புத்தகமும் வந்தது. பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் ஒரு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறது. மற்ற பத்துப் பக்கங்களில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்தப் புத்தகத்தை அப்போது யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. பிரிவில் ஒரு பச்சை அலமாரி இருக்கிறது, அதில் மின்விசிறி, புல் வெட்டும் இயந்திரம், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றின் புத்தகங்களும் பிரிக்காத உறையோடு அடுக்கியிருக்கும். அதில் இதையும் வைத்தேன்.

அதன் பிறகு ஏழாவது மாதம் வருஷக் கடைசி வந்தது. எங்கள் பிரிவில் வருஷக் கடைசி என்றால் பெயிண்ட். ஸ்டோரில் இருக்கும் டின்கள் தீர்ந்தாக வேண்டும், மீந்தால் அடுத்த வருடம் அத்தனை டின் குறைத்துத்தான் தருவார்கள். அதனால் அந்த மாதம் பூங்காவில் நகராமல் இருக்கும் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கப்படும். வேலி, குழாய், குப்பைத் தொட்டி, மரத்தின் அடி. ஒருமுறை குழாய் மேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன டம்ளருக்கும் அடித்திருந்தார்கள். வேலைப் பட்டியல் என்று ஓர் அச்சிட்ட தாள் உண்டு, நான் பிறப்பதற்கு முன் அச்சிட்டது, அதில் ஒன்பதாவது வரி "பெஞ்சுகள்: வண்ணம் பூசுதல்". மர பெஞ்சுகள் இருந்த காலத்து வரி. தேதி போட்டுக் கையெழுத்து வைப்பது என் வேலை. வைத்தேன்.

எங்கள் பெயிண்டர் முப்பத்து நான்கு வருடமாக அந்தப் பூங்காவில் வேலை செய்கிறவர். நான் அவரை அண்ணே என்பேன். ஆள் இருக்கும்போது அவர் என்னை மேடம் என்பார், இல்லாதபோது பாப்பா என்பார். அன்று முதல் பலகையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது பெயிண்டைக் குடிக்க மாட்டேங்குது. மேலாலயே நிக்குது. வேண்டாமே" என்றார். "தாள்ல இருக்குண்ணே" என்றேன். "தாள்லயே அடிச்சிடலாமா?" என்றார். அதன் பிறகு அடித்தார். அந்த வருடம் காப்பி நிறம். அதற்கடுத்த வருடம் பச்சை.

அதன் பிறகு, இன்றிலிருந்து எட்டு மாதத்துக்கு முன், பூங்காவுக்கு தினமும் காலையில் வரும் கணக்கு வாத்தியார் ஒருவர் என் அறைக்கு வந்தார். பணி ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து மூன்று. பதினேழாம் எண் பெஞ்ச் தவிர வேறு எதிலும் உட்கார மாட்டார். ஏனென்று கேட்டால் பதினேழு பகா எண் என்பார். "உன் பெஞ்ச் பேச ஆரம்பிச்சிருக்கும்மா" என்றார். நான் போய்க் குனிந்து பார்த்தேன். நான்காவது பலகையின் அடிப்பக்கத்தில், போல்ட் துளையிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் இருந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன். வாத்தியாரிடம் வேறு பெஞ்சில் உட்காரச் சொன்னேன். பத்தொன்பதும் பகா எண்தான் என்றேன். அதன் பக்கத்தில் குப்பைத் தொட்டி இருக்கிறது என்றார்.

அதன் பிறகு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து உறையைக் கிழித்துப் படித்தேன்.

நான்காம் பக்கம்: பலகை வெடித்தாலோ, வளைந்தாலோ, உளுத்தாலோ பத்து வருடத்துக்கு இலவசமாக மாற்றித் தரப்படும். ஐந்தாம் பக்கம்: வெயில், மழை, காற்று, ஈரம், தூசி, பறவை எச்சம் இவற்றால் வந்த வெடிப்புக்கும் வளைவுக்கும் உளுப்புக்கும் இது பொருந்தாது. ஆறாம் பக்கம்: பொதுமக்கள் தொடர்ந்து பயன்படுத்துவதால் வரும் பாதிப்புக்கும் பொருந்தாது. புத்தகத்தின் அட்டையில் "பொதுவெளி இருக்கைகள்" என்று போட்டிருக்கிறது.

தலைமைக் காவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "அப்போ வீட்டுக்குள்ள வெச்சு, யாரும் உட்காராம பார்த்துக்கிட்டாத்தான் வாரண்டியா?" என்று கேட்டார். கடந்த ஒன்பது நாளாக அப்படித்தான் வைத்திருந்தேன் என்றேன். அதை எழுத வேண்டாம் என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அதன் பிறகு கம்பெனிக்குப் போன் செய்தேன். முதல் நாள் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். அதன் பிறகு ஒரு பெண் வந்தார். நல்ல குரல், பொறுமையான பெண். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

"பெஞ்ச் வெளியில வெச்சிருந்தீங்களா மேடம்?"

"பூங்கால வெச்சிருந்தோம்."

"கூரை இருக்கா மேடம்?"

"பூங்காவுக்கா?"

"மழை பட்டிருக்க வாய்ப்பிருக்கா மேடம்?"

"வானம் இருக்கிற இடம்மா அது."

"சரி மேடம். 'வாய்ப்பிருக்கு'ன்னு போட்டுக்கறேன்."

அதன் பிறகு பெஞ்சின் வரிசை எண்ணைக் கேட்டார். பலகைக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும் என்றார். தகட்டின் மேல் காப்பி நிறமும் அதன் மேல் பச்சையும் இருந்தன. நான் தரையில் மல்லாந்து படுத்து, வீட்டுச் சாவியால் சுரண்டி, பதினோரு இலக்கத்தில் ஒன்பதைப் படித்துச் சொன்னேன். நடைபயிற்சிக்கு வந்த இருவர் நான் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். ஒன்பது இலக்கம் போதாது என்று அந்தப் பெண் சொன்னார்.

அதன் பிறகு, முதலில் வாங்கியவருக்கு மட்டுமே உத்தரவாதம் செல்லும், கைமாறினால் செல்லாது என்று ஏழாம் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. பெஞ்சுகளை வாங்கியது கட்டுமானப் பிரிவு. எங்களிடம் ஒப்படைத்தார்கள். கட்டுமானப் பிரிவு எங்கள் அறைக்கு அடுத்த அறை, நடுவில் ஒரு கதவு உண்டு, கதவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் பீரோ. நான் வராந்தா வழியாகச் சுற்றிப் போய், நீங்கள்தான் முதலில் வாங்கியவர் என்று ஒரு கடிதம் கேட்டேன். "பெஞ்சைக் கட்டிக்கொடுத்தாச்சு, இனி நல்லது கெட்டது எல்லாம் உங்க வீட்டுப் பாடு" என்றார் அங்கிருந்தவர். அந்தக் கடிதம் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அதில் பெஞ்சின் எண் எழுபத்தொன்று என்று இருந்தது. எங்களிடம் எழுபத்தொன்று பெஞ்சுகள் கிடையாது. திருத்தி வாங்க மேலும் மூன்று வாரம்.

இதற்கிடையில் பெஞ்சைப் பழுதுபார்க்கலாமா என்று கம்பெனியைக் கேட்டேன். கம்பெனி அனுப்பும் பார்வையாளர் வந்து சோதிக்கும் முன் பழுதுபார்த்தால் உத்தரவாதம் ரத்து. அப்படியானால் கழற்றி வைக்கலாமா என்று கேட்டேன். இடம் மாற்றினாலும் ரத்து. பார்வையாளர் எப்போது வருவார்? "உங்க பகுதி வரிசையில இருக்கு மேடம்."

அதன் பிறகு பெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டினேன். மறுநாள் கயிறு இல்லை. மூன்று முறை கட்டினேன், மூன்று முறையும் யாரோ எடுத்துப் போனார்கள். உட்காராதீர்கள் என்று எழுதி ஒரு அட்டை வைத்தேன். ஒருவர் அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, பெஞ்சில் ஈரமாக இருந்ததால் அப்படி எழுதியிருக்கும் என்று நினைத்ததாகவும், ஈரம் காய்ந்துவிட்டதாகவும் சொன்னார்.

அதன் பிறகு, இன்றிலிருந்து இரண்டரை மாதத்துக்கு முன், முற்பகல் பதினோரு மணியளவில் பதினேழாம் எண் பெஞ்சின் நான்காவது பலகை உடைந்தது. அப்போது அதில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பெஞ்சின் இரண்டு கால்களுக்கு நடுவில், தரையில், செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே இருந்தார். கண்ணாடி உடையவில்லை. இடுப்பு எலும்பு உடைந்தது. ஒரு செருப்பு மட்டும் குளத்தின் ஓரத்தில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ஆம்புலன்ஸில் அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மருத்துவமனையில் அவர் என்னிடம், "நாற்பது வருஷம் எத்தனை பசங்களைப் பெஞ்ச் மேல ஏத்தியிருப்பேன். எல்லாத்துக்கும் சேர்த்து என்னைக் கீழே இறக்கிடுச்சு பாரு" என்றார். அவருடைய மகள் சிரிக்கவில்லை. மகள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?" ஐந்து மாதமாகக் கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக் கடிதங்களைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு நகராட்சி மேல் புகார் கொடுத்தார்.

ஐந்து மாதம் வராத பார்வையாளர், வாத்தியார் விழுந்த மூன்றாம் நாள் வந்தார். டார்ச், அளவுநாடா, முழங்காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள ஒரு சின்ன மெத்தை எல்லாம் வைத்திருந்தார். இரண்டு நிமிடம் பார்த்தார். எழுந்து மெத்தையைத் தட்டி மடித்துக்கொண்டே, "மேடம், பெயிண்ட் அடிச்சிருக்கீங்களே" என்றார். எட்டாம் பக்கம். பலகையின் மேல் எந்தப் பூச்சு பூசினாலும் வெப்பம் உள்ளே தங்கி வெடிக்கும், ஆகவே உத்தரவாதம் ரத்து. "ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தா கொடுத்திருப்போம் மேடம். ரொம்பப் பார்த்துக்கிட்டீங்க" என்றார்.

அதன் பிறகு அலுவலகத்தில் விசாரணை தொடங்கியது. வெடிப்புக்குப் பெயிண்ட் காரணம், பெயிண்டுக்குப் பெயிண்டர் காரணம், உத்தரவு இல்லாமல் தன் விருப்பப்படி வண்ணம் பூசிப் பொதுமக்களில் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தினார் என்று பிரிவு அதிகாரி பெயிண்டருக்கு நோட்டீஸ் கொடுத்தார். நான் கையெழுத்து வைத்த வேலைப் பட்டியல் கோப்பில் இல்லை. இரண்டு வருடத் தாள்களும் இல்லை. நான் கையெழுத்து வைத்தேன் என்று பிரிவு அதிகாரியிடம் வாயால் சொன்னேன். "எங்க வெச்சீங்க? காட்டுங்க. இல்லாத தாளுக்கு நான் என்னம்மா பண்றது? நீங்க வேற நடுவுல மாட்டிக்காதீங்க, நல்ல வயசு" என்றார். பெயிண்டருக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. விசாரணை முடியும்வரை பணியிடை நீக்கம் என்றார்கள். அந்த நிலையில் ஓய்வு வயது வந்தால் முப்பத்து நான்கு வருடமும் பென்ஷன் கணக்கில் வராமல் தொங்கும்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். பெஞ்சில் ஏதாவது குறை இருப்பதாகப் பெயிண்டர் எப்போதாவது சொன்னாரா என்று கேட்டார்கள். நான் சொன்ன பதில் விசாரணைக் கோப்பில் இருக்கிறது.

அன்று மாலை ஸ்டோர் கொட்டகைக்குப் போனேன். பெயிண்டர் தன் பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக ஒரு துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார். "விடு பாப்பா. பிரஷ் பிடிக்கிற கை. மேல கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்" என்றார். அதன் பிறகு ஸ்டோர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதாக ஒரு தாளில் கையெழுத்து கேட்டார். இதற்கு முன் அவர் என்னிடம் எதற்கும் கையெழுத்து கேட்டதில்லை.

அதன் பிறகு கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உத்தரவாதம் செல்லாது என்றாலும், நல்லெண்ணத்தின் பேரில் ஒரு புதிய பெஞ்ச் தருவதாகவும், அதற்குப் பழைய பெஞ்சை முழுவதுமாக ஒப்படைக்க வேண்டும் என்றும், மறுநாள் காலை வண்டி வரும் என்றும் எழுதியிருந்தார்கள். பிரிவு அதிகாரிக்கு மிகுந்த சந்தோஷம். "பார்த்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு" என்றார். நான் ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினேன். ஒப்படைத்த பெஞ்ச் கம்பெனியின் சொத்து, அதை அழிக்கவும் உருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. உருக்கிவிட்டால் பெயிண்டால்தான் வெடித்தது என்று அவர்கள் சொன்னதுதான் கடைசிப் பேச்சாக நிற்கும், பெயிண்டரின் பக்கத்தில் காட்ட ஒன்றும் இருக்காது என்றேன். "காட்டி? பெஞ்ச் வந்து சாட்சி சொல்லுமா?" என்றார். ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினார்.

அதனால் அன்றே எடுத்தேன்.

ஸ்டோரில் ஒரு ஸ்பேனர் எடுத்து, பதிவேட்டில் "ஸ்பேனர் ஒன்று, பதினேழாம் எண் பெஞ்சைக் கழற்ற" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தப் பதிவேடு காணாமல் போவதற்குள் பார்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான்கு போல்ட். கடைசி போல்ட் வரவில்லை. நடைபயிற்சிக்கு வந்த ஒருவர், "தள்ளுங்கம்மா" என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. இன்னும் இருவர் சேர்ந்து தூக்கினார்கள். உடைந்த துண்டுகளையும் பொறுக்கி ஒரு சாக்கில் போட்டேன். வாசலில் லோடு ஆட்டோக்காரர், "அக்கா, புதுசா?" என்றார். "நகராட்சி பெஞ்சு" என்றேன். "அதானே பார்த்தேன், உடைஞ்சிருக்கே" என்றார். சாலைத் திருப்பத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். தலைமைக் காவலர் இந்த வரியை எழுத வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன்.

வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் பெஞ்ச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. கீழ் வீட்டுக்காரர் வேலைக்குப் போக முடியாமல் பெஞ்சுக்கு அந்தப் பக்கம் இருபது நிமிடம் நின்றார். கடைசியில் நிமிர்த்தி, செங்குத்தாக, ஒரு ஆளை நடத்திக் கூட்டிப்போவது போல ஏற்றினோம். அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அவங்கவங்க வீட்டுப் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வருது. நீ பெஞ்சைக் கூட்டிட்டு வந்திருக்கே. அதுவும் இடுப்பு உடைஞ்சதை" என்றார். ஹாலில் பெஞ்சைப் போட்டால் டிவி பார்க்க முடியாது. அம்மா ஒன்பது நாள் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு எட்டி எட்டி டிவி பார்த்தார். ஒருநாள்கூட பெஞ்சில் உட்காரவில்லை. உட்காரச் சொன்னதற்கு, "எனக்கு இருக்கிறது ஒரே இடுப்பு" என்றார்.

எடுத்த இரண்டாம் நாள், தகட்டில் மிச்சம் இரண்டு இலக்கங்களைப் படிப்பதற்காகப் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டேன். அப்போது உடைந்த பலகையின் வெட்டுமுகம் கண்ணில் பட்டது. பலகையின் உள்பக்கம் சாம்பல் நிறம். ஆனால் போல்ட் துளையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் சாம்பல் இல்லை. காப்பி நிறம். அதன் மேல் கொஞ்சம் பச்சை. ஆழம் ஒரு விரல் தடிமன். அதற்கு அப்பால் புதிதாக உடைந்த சுத்தமான சாம்பல்.

இதன் அர்த்தம் இதுதான். முதல் வருடம் பெயிண்ட் அடித்தபோதே அந்த இடத்தில் கீறல் இருந்திருக்கிறது. இருந்ததால்தான் காப்பி நிறம் உள்ளே இறங்கியிருக்கிறது. பெயிண்ட் குடிக்காத பலகையில் வேறு எந்த வழியாகவும் பெயிண்ட் உள்ளே போக முடியாது. பெஞ்ச் வந்து ஏழே மாதத்தில், ஒரு சொட்டுப் பெயிண்ட் படுவதற்கு முன், துளை போட்ட இடத்தில் பலகை விட்டிருக்கிறது. பெயிண்டால் கீறல் வரவில்லை. கீறலுக்குள் பெயிண்ட் வந்திருக்கிறது.

அதை அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினேன். உத்தரவாதம் ரத்தாகிவிட்டதால் போட்டோக்களைப் பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது. பிரிவு அதிகாரிக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் அவருக்குப் பெஞ்ச் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்த பிறகுதான் பெஞ்சைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார்.

ஆகவே பெஞ்சைக் கொண்டு வந்திருக்கிறேன். கம்பெனியிடமும் கொடுக்காமல், அலுவலகத்திடமும் கொடுக்காமல், வழக்குச் சொத்தாக இந்த நிலையத்தின் பதிவேட்டில் ஏற்று, உடைந்த பலகைத் துண்டுகள் ஐந்தையும் சாக்கோடு முத்திரை வைத்து, எனக்கு ரசீது தரும்படி கேட்டேன். பதிவேட்டில் நகை, பைக், செல்போன் என்று பத்திகள் இருக்கின்றன, பெஞ்சுக்குப் பத்தி இல்லை என்றார் தலைமைக் காவலர். "இதர" என்று ஒரு பத்தி இருந்தது. அதில் எழுதினார். ரசீது பெற்றுக்கொண்டேன். பெஞ்ச் இப்போது நிலையத்தின் வராந்தாவில் இருக்கிறது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது புகார் கொடுக்க வந்த இருவர் அதில் உட்காரப் போனார்கள். எழுந்து போய்த் தடுத்தேன்.

இதுவரை சொன்னதைத் தலைமைக் காவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். சரிதானே என்று கேட்டார். சரி என்று சொன்னேன். கையெழுத்து வைக்கப் பேனா கொடுத்தார். பேனாவை வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன்.

எட்டு மாதத்துக்கு முன் வாத்தியார் சொன்ன நாளில் "அப்போதுதான் அதைப் பார்த்தேன்" என்று மேலே இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடும்படி சொன்னேன். எழுதியதை அடிக்கக் கூடாது, கீழே சேர்க்கத்தான் முடியும் என்றார். அப்படியானால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தலைமைக் காவலர் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "மேடம், இது ஒரு பெஞ்ச் கேஸ். பெஞ்சும் வந்தாச்சு. நாளைக்கே முடிஞ்சிடும். நீங்க இதுக்கு மேல என்ன சொன்னாலும், அந்த வாத்தியார் பொண்ணு கொடுத்திருக்கிற கேஸ்ல போய் நிக்கும். வீட்ல போய் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றார். அவர் நல்லதற்காகவே சொன்னார். அம்மாவிடம் நேற்றே கேட்டுவிட்டேன் என்றேன்.

கீறலுக்குள் காப்பி நிறம் இருப்பது பெயிண்டரைக் காப்பாற்றாது. கீறலைப் பார்த்த பிறகும் அதன் மேல் அடித்தவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். ஆகவே இதைச் சொல்கிறேன்.

முதல் வருடம் பெயிண்ட் அடித்த அன்று, பிற்பகல் மூன்று மணி இருக்கும், பெயிண்டர் என் அறை வாசலுக்கு வந்து நின்றார். கையில் பிரஷ் இருந்தது, சொட்டு தரையில் விழாமல் இருக்க அதன் அடியில் இன்னொரு கையை வைத்திருந்தார். "பாப்பா, பதினேழுல நாலாவது பலகைக்கு அடியில ஒரு கீறல் இருக்கு. சின்னதுதான். புது பெஞ்சு, கம்பெனிக்காரங்ககிட்டச் சொன்னா மாத்திக் கொடுத்துடுவாங்க. அதை மட்டும் அடிக்காம விட்டுடவா?" என்றார். நான் அவருடன் போனேன். குனிந்து பார்த்தேன். அப்போது கீறல் ஒரு விரல் நீளம்தான் இருந்தது. மறுநாள் மேலிடத்திலிருந்து பூங்காவைப் பார்க்க வருவதாக இருந்தது. இருபத்து மூன்று பெஞ்ச் காப்பி நிறமாகவும் ஒன்று மட்டும் சாம்பலாகவும் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள், அதற்கு நான் ஒரு தாள் எழுத வேண்டும். "வருஷக் கடைசிண்ணே. அடிச்சிடுங்க, மறைஞ்சிடும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "மறையும்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அடித்தார்.

பெஞ்சை வீட்டில் கவிழ்த்துப் போட்டது இரண்டு இலக்கங்களைத் தேடி அல்ல. உள்ளே காப்பி நிறம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருக்கிறதா என்று பார்த்தேன்.

விசாரணையில், பெயிண்டர் எப்போதாவது குறை சொன்னாரா என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் "ஞாபகமில்லை" என்பது. அது பொய். அப்போது பெயிண்டர் அதே அறையில், சுவர் ஓரமாக, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அப்படிச் சொன்ன பிறகு அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். "மேடம் சொன்னதுதான்" என்றார்.

மேலே முதலில் சொன்னதும் பிறகு சேர்த்துச் சொன்னதும் என் வாயால் வந்தவை, இரண்டும் முரண்படும் இடங்களில் பிறகு சொன்னதே உண்மை. முழுவதையும் மறுபடி வாசிக்கக் கேட்டேன். இதன் நகல் ஒன்றை எங்கள் அலுவலக விசாரணைக்கும், ஒன்றை வாத்தியாரின் மகளுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்து வைத்தேன்.

(ஒப்பம்)
உதவி மேற்பார்வையாளர், பூங்காப் பிரிவு

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என் கையால் எழுதப்பட்டது. தாள்கள் ஒன்பது. அடித்தல் இல்லை. சேர்த்தல் ஒன்று.
(ஒப்பம்)
தலைமைக் காவலர்